ஒரே மேசை, இரண்டு கல்லா: சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஈப்போ போகும் சாலையோரம், தகரக் கூரை போட்ட ஒட்டுக்கடை. பெயர்ப்பலகை மழையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் திரும்ப மாட்டவில்லை. தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் பசியாறுவது இங்கேதான்.

ரொட்டி சானாய்க்காகவே வரலாம். மாவை முதல் நாள் இரவே உருட்டி எண்ணெயில் ஊறப் போட்டுவிடுகிறார்கள். கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் தட்டி நொறுக்கிப் போட்டால் ஏடு ஏடாகப் பிரியும். பருப்புக் கறியில் கத்திரிக்காய் கரைந்து கிடக்கும். ஒன்பது மணிக்கு மேல் போகாதீர்கள், கறியில் தண்ணீர் கூடிவிடும். தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீரில் இனிப்பு தூக்கல். 'சீனி கொறச்சி' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொல்லை காசு கட்டும்போதுதான். ரொட்டி மாமனுடையது, தண்ணி, அதாவது தேநீர் வகை, மச்சானுடையது. கல்லாவும் தனித்தனி. ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால் சில்லறைக்கு இரண்டு பக்கமும் அலைய வேண்டும். ஒரே கல்லா வைக்கலாம் என்று மச்சான் கேட்டுப் பார்த்தார். "வாடகைய பாதி பாதி போடுவோம், கல்லாச் சாவிய மட்டும் கேக்காத" என்று மாமன் முடித்துவிட்டார்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் தம்பி ஒருவனுக்கு இதை வைத்துத்தான் ஐரோப்பாவை விளக்கினேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரே அரசியலமைப்பு வேண்டுமா என்று 2005இல் கேட்டபோது பிரான்சில் ஏறக்குறைய 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். மூன்றே நாளில் நெதர்லாந்தில் 61 விழுக்காட்டுக்கு மேல் அதே பதில். அப்புறம் அதையே லிஸ்பன் ஒப்பந்தமாக மாற்றி எழுதினார்கள். 2008இல் அயர்லாந்து அதையும் தள்ளியது. மறு வருடம் திரும்பக் கேட்டுத்தான் சம்மதம் வாங்கினார்கள். பிரிட்டன் 2016இல் கடையே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டது.

"அப்ப அமெரிக்கா யாரு, கிராணி ஐயா?"

"1949இல நேட்டோன்னு ராணுவக் கூட்டணிக் கூரை போட்டாங்க. பெரிய தூண் அவனோடது. இப்ப தூணுக்குக் காசு கேக்குறான்."

சிரித்தான். சிரிப்பு நின்றது செம்பனைக்கு வந்தபோது. அவன் அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது. ஐரோப்பாவின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புச் சட்டப்படி, அங்கே போகும் செம்பனை எண்ணெய் எந்த நிலத்தில் விளைந்தது என்று இடக்குறிப்போடு காட்ட வேண்டும். 2020க்குப் பிறகு காடு அழித்த நிலமாக இருக்கக்கூடாது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2025 மே மாதம் அமெரிக்காவைக் குறைந்த அபாயப் பட்டியலில் வைத்தார்கள், நம் மலேசியாவை அதைவிட அபாயம் கூடிய படியில். அவர்கள் சரக்கை வாங்குவோரில் நூற்றுக்கு ஒருவரைச் சோதித்தால் போதும், நம் சரக்கென்றால் மூன்று பேரை. ஆகஸ்டில், தங்கள் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 15 விழுக்காட்டு வரிக்கு ஐரோப்பா ஒத்துக்கொண்ட கூட்டறிக்கையில், அமெரிக்க உற்பத்தியால் உலகக் காடுகளுக்கு ஆபத்து மிகச் சொற்பம் என்றும் சேர்த்து எழுதினார்கள்.

"கல்லா சேராதவங்க நம்மகிட்ட மட்டும் சேந்து வராங்களே" என்றான் தம்பி. வெளி வணிகத்தில் அவர்களுக்கு ஒரே கல்லாதான் என்று சொல்வதற்குள் லோரிக்கு நேரமாகிவிட்டது. ரொட்டிக் காசை அவன் கட்டினான், தண்ணிக் காசை நான்.

திங்கள்கிழமை கடை இல்லை. போகும்போது சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள்.