வெனிஸ் 1-ஆம் எண் படகு: முழங்கால் வலியோடும் ஊரைப் பார்க்கலாம்

ஐரோப்பாவில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இன்று ஈரோட்டிலும் கோபியிலும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களில் வெனிஸ் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கோண்டோலா என்ற துடுப்புப் படகுக்கு விலை கேட்கும் முன், வப்பரெட்டோ என்ற பொதுப் படகில் 1-ஆம் எண்ணில் ஏறி உட்காருங்கள். அந்த ஊருக்கு அதுதான் டவுன் பஸ்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. வெனிஸிலோ நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் படி ஏறி இறங்க வேண்டும். கார், ஆட்டோ எதுவும் ஊருக்குள் வராது. எங்களுக்குக் கைகொடுத்தது படகுத்துறைதான். அது மிதக்கும் மேடை. கடல்நீர் ஏறினால் கூடவே ஏறுகிறது, வற்றினால் இறங்குகிறது. அதனால் மேடையும் படகின் தளமும் எப்போதும் ஏறக்குறைய ஒரே மட்டம். கம்பியைப் பிடித்து ஓர் எட்டு வைத்தால் உள்ளே வந்துவிடலாம்.

ஊர் முனையில் பஸ்கள் வந்து நிற்கும் பியாத்ஸாலே ரோமா துறையில் ஏறுவது நல்லது. ரயில் நிலையத்துக்கு முந்தைய துறை என்பதால் உட்கார இடம் கிடைக்கும். நிலப்பக்கம் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கினால் பஸ் நேராக அங்கே கொண்டுவந்து விடும். அங்கிருந்து பெரிய கால்வாய் வழியாகச் சான் மார்கோ சதுக்கம் வரை முக்கால் மணி நேரம். 2-ஆம் எண் சீக்கிரம் போகும். ஆனால் எல்லாத் துறையிலும் நிற்கும் 1-ஆம் எண்ணில்தான் ஊரை நிதானமாகப் பார்க்க முடியும். 1591-இல் கட்டி முடித்த ரியால்தோ பாலம், 1630-இல் வந்த கொள்ளைநோய் நீங்க நேர்ந்துகொண்டு கட்டிய சலூத்தே தேவாலயம், இரண்டும் வழியிலேயே வருகின்றன.

கால்வாய்க் கரை மாளிகைகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தண்ணீரில் நடக்கும் பிழைப்பு. சிமெண்ட் மூட்டை, துணி மூட்டை, தக்காளிப் பெட்டி, குப்பை எல்லாம் படகில். ஆம்புலன்ஸும் படகு, தீயணைப்பும் படகு. இதைப் பார்க்கக் காலை ஏழு, எட்டு மணிக்குள் ஏற வேண்டும்.

என் வீட்டுக்காரர் கீழ்பவானி வாய்க்காலில் மதகைத் திறந்து அடைக்கும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு துறையிலும் ஊழியர் கயிற்றைச் சுற்றிப் படகை இழுத்து நிறுத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பதனமாகக் கட்டுகிறார் பார்" என்றார். பிறகு மகளிடம், "வெள்ளம் வந்தால் எந்த மதகை அடைப்பார்கள் சாமி?" என்று கேட்டார். வெனிஸைச் சுற்றியுள்ள காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகள் கடலடியில் தண்ணீர் நிரம்பிப் படுத்திருக்கின்றன. கடல் பொங்கும் நாளில் உள்ளே காற்றை அடித்தால் தண்ணீர் வெளியேறிக் கதவுகள் எழுந்து நிற்கும். மகள் இதைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் வரை ஏறிய தண்ணீர் ஊரையே மூழ்கடித்தது. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் இந்தக் கதவுகள் வெள்ளத்தைத் தடுக்க முதன்முதலாக எழுந்தன.

இறங்கும் இடங்களில் கல்கிணறுகளைத் தவறாமல் பாருங்கள். சுற்றிலும் உப்புத் தண்ணீர் என்பதால் மழைநீரை மணலில் வடிகட்டித்தான் குடித்திருக்கிறார்கள். 1884-இல்தான் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. ஆயிரம் அடி துளைத்தும் தண்ணீர் காணாத நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கிணற்றடியில் நிற்கத் தோன்றும்.

குறை என்றால் கட்டணம்தான். நாங்கள் போனபோது 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. உள்ளூர்க்காரர்களுக்கு இதில் சிறு பங்குதான். பகலில் ரியால்தோவைத் தாண்டும்போது நிற்கவும் இடமில்லாத நெரிசல். வயதானவர்களை அந்த நேரத்தில் ஏற்றாதீர்கள். கோண்டோலாவுக்குப் பகலில் அரை மணிக்கு 90 யூரோ. அதில் ஏறும் ஆசை தீர வேண்டுமென்றால் பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் த்ராகெத்தோ என்ற கோண்டோலாப் படகு இருக்கிறது, ஆளுக்கு 2 யூரோ. ஆனால் அது ஆடும், பலர் நின்றுகொண்டே போவார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம்.

25 யூரோவுக்கு 24 மணி நேர டிக்கெட் வாங்குங்கள். துறையில் உள்ள இயந்திரத்தில் முதலில் காட்டும் நேரத்திலிருந்துதான் கணக்கு. மதியம் காட்டித் தொடங்கினால் அன்று மாலை மாளிகைகளையும் மறுநாள் காலை சரக்குப் படகுகளையும் அதே டிக்கெட்டில் பார்த்துவிடலாம்.