பருத்தித்துறைக் கடலோரத்தில் ஆறு வருட யோகாசனம்: ஓய்வூதியக்காரர் ஒருவரின் அனுபவம்

இலண்டனில் தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் 31 வருடங்கள் இரவுப் பணி பார்த்துவிட்டு, 2019 ஆம் ஆண்டு தை மாதத்தில் மனைவியுடன் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள பருத்தித்துறைக்குத் திரும்பி வந்தேன். அப்போது எனக்கு 61 வயது. நான் கொண்டுவந்த சாமான்களுள் நாள்பட்ட நாரிப்பிடிப்பு (கீழ்முதுகுப் பிடிப்பு) ஒன்றும், பிறசருக்கான (இரத்த அழுத்தத்துக்கான) குளிசைகளும், அங்கே வாரம் ஒருநாள் வகுப்புக்குப் போய்ப் பழகிய யோகாசனமும், 60 பவுண் கொடுத்து வாங்கிய இயற்கை இறப்பர் விரிப்பொன்றும் அடங்கும். விடியப்புறம் எழும்பிக் கடற்கரையில் ஆசனம் செய்வதுதான் ஓய்வுகாலத்தைப் பற்றி நான் வைத்திருந்த ஒரே திட்டம். அந்தத் திட்டத்தில் எது நிலைத்தது, எது கழன்று போனது என்பதை, ஊருக்குத் திரும்பிவர எண்ணியிருக்கும் என் வயதுக்காரருக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் கடற்கரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பருத்தித்துறை நகரை ஒட்டிய கரையில் பெரும்பகுதி முருகைக்கல் என்பதால் அங்கே வெறுங்காலோடு நிற்பதே கடினம். மணல் வேண்டுமென்றால் முனைப் பக்கமோ, இன்னும் தள்ளி மணற்காட்டுப் பக்கமோ போக வேண்டும். நான் முனைப் பக்கத்தைத் தெரிந்துகொண்டேன். எங்கள் கரை வடக்கே பார்த்த கரை. எனவே சூரிய நமஸ்காரம் செய்வதற்குக் கிழக்கே திரும்பினால் கடல் இடக்கைப் பக்கம் வந்துவிடுகிறது. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் இடது பாதம் எப்போதும் வலது பாதத்தைவிட இரண்டு மூன்று விரற்கடை தாழ்ந்தே நிற்கும். இதை நான் மூன்று மாதமாகக் கவனிக்கவில்லை. இடுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் உளைவு தொடங்கி, காற்சட்டையின் இடுப்புப்பட்டி சரிந்து நிற்பதை மனைவி சுட்டிக்காட்டிய பிறகுதான் மணலில் ஒரு தேங்காயை வைத்து உருட்டிப் பார்த்தேன். அது உருண்டு போன வேகம் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. பிறகு பாதிச் சுற்றைக் கிழக்கே பார்த்தும் மீதியை மேற்கே பார்த்தும் செய்தேன்; உளைவு குறைந்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூரிய நமஸ்காரம் செய்வதில் உள்ள சங்கடம் மட்டும் குறையவில்லை.

மணலின் மற்றக் குறை மணிக்கட்டில் தெரிந்தது. புஜங்காசனத்திலும், அதோமுக சுவானாசனத்திலும் உள்ளங்கையின் அடிப்பகுதி மணலுக்குள் புதைந்து விரல்கள் மேலே நிற்பதால், மணிக்கட்டு அளவுக்கு மீறி மடிகிறது. இளவயதில் அது தெரியாமல் போகலாம். 60 வயதுக்கு மேல் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஈர மணல் இறுக்கமானதுதான், ஆனால் அங்கே சரிவு அதிகம். விருட்சாசனம் போன்ற ஒற்றைக்கால் நிலைகளுக்கு மட்டும் மணலைப் பாராட்டுவேன். பாதத்தின் சிறு தசைகள் அங்கே உழைப்பதைப் போல வேறெங்கும் உழைப்பதில்லை, விழுந்தாலும் அடிபடுவதில்லை.

சவாசனத்தைக் கடற்கரையில் செய்யாதீர்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. ஒருநாள் வெயில் முகத்தில் படாமலிருக்க வெள்ளைச் சால்வையால் கண்களை மூடிக்கொண்டு, கைகால்களைத் தளர்த்தி அசையாமல் கிடந்தேன். யாரோ மணலில் ஓடிவரும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் இரண்டு கைகள் என் தோளைப் பிடித்து உலுப்பின. "அண்ணை, அண்ணை, என்ன செய்யுது? நெஞ்சு நோகுதோ?" என்று கேட்டவர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த கடற்றொழிலாளி ஒருவர். எழுந்து உட்கார்ந்து விளக்கம் சொன்னேன். "படுக்கிறதுக்கு வீட்டிலை இடமில்லையோ?" என்று கேட்டுவிட்டு, வலைக்குத் திரும்பிப் போகும்போது இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் அந்தக் கரையில் வள்ளங்கள் வந்து சேரும், வலைகள் உதறப்படும், மீன் கூறி விற்கும் குரல் உயரும். அவ்வளவு வேலைக்கும் நடுவில் ஒரு விரிப்பை விரித்து வைத்திருப்பவன் இடைஞ்சல்தான்; அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது அவர்களுடைய பெருந்தன்மை. 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையேறிக் கிடந்த மாதங்களில் முழுக் கரையும் எனக்கே விடப்பட்டிருந்தது. நான் விரும்பியிருந்த அமைதி அதுவே என்றாலும், எப்போதாவது அங்கே போன காலைகளில் என்னால் ஐந்து நிமிடம் கூட ஒழுங்காக மூச்சை எண்ண முடியவில்லை.

காலநிலையைப் பற்றியும் திரும்பி வருபவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மாசி, பங்குனி மாதங்கள் எல்லாவகையிலும் உகந்தவை. சித்திரை, வைகாசியில் 7 மணிக்கே வெக்கை ஏறிவிடும். 8 மணிக்கு மணலில் கால் வைக்க முடியாது. பிறகு சோளகம் என்னும் தென்மேல் காற்று தொடங்கிவிட்டால், அது தரைப்பக்கமிருந்து வீசுவதால் எங்கள் கடல் அமைதியாக இருக்குமே தவிர, காற்று அள்ளிவரும் புழுதி மூக்கை அடைத்துவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். அப்போது அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. கணக்குப் பார்த்தால், கடற்கரையில் நிம்மதியாகப் பயிற்சி செய்யக்கூடிய காலம் வருடத்தில் மூன்று, நான்கு மாதங்களுக்கு மேல் தேறாது. விடியும் நேரமும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆனி மாத அளவில் 6 மணிக்குப் பத்து நிமிடம் முன்பே சூரியன் எழுந்துவிடும், தையில் அது 6.30 வரை பிந்தும்.

இப்படியாக இரண்டாவது வருடத்தில் நான் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தேன். 2020 பங்குனியில் தொடங்கிய ஊரடங்கு அதை இன்னும் விரைவாக்கியது. வழவழப்பான சீமெந்துத் தரை, பிடித்துக்கொள்ளச் சுவர், கிழக்கே திறந்த பக்கம் என வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன. இவை முன்பே கண்ணில் படாததுதான் வியப்பு. இறப்பர் விரிப்பு இங்கே பத்து மாதம்தான் நின்றுபிடித்தது. உப்புக்காற்றிலும், உலரவிட்ட வெயிலிலும் அது முதலில் பிசுபிசுத்து, பிறகு வெடித்து, கடைசியில் கையோடு தூள் தூளாக வந்தது. பிறகு ஓலைப்பாயில் செய்து பார்த்தேன். வழவழப்பான தரையில் பாய் வழுக்கிச் சென்று ஒருமுறை என்னைத் தூணில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது நின்று செய்யும் ஆசனங்களை வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்கிறேன். படுத்தும் இருந்தும் செய்பவற்றுக்கு ஓலைப்பாயின் மேல் தடித்த பருத்திப் போர்வையொன்றை நான்காக மடித்துப் போட்டுக்கொள்கிறேன். நாலு வருடமாக இந்த ஏற்பாடு மாறவில்லை.

விறாந்தைக்கும் பகைவர்கள் உண்டு. மழைக்காலத்தில் நுளம்பு பெருகும். டெங்குப் பயமும் கூடவே வரும். நுளம்புத்திரியைக் கொளுத்திவிட்டு நாடிசுத்தி என்னும் மூச்சுப்பயிற்சி செய்வதைப் போன்ற அபத்தம் வேறில்லை என்பதை ஒரே நாளில் உணர்ந்தேன். அதனால் கார்த்திகை முதல் தை வரை நுளம்பு வலைக்குள் இருந்தே பிராணாயாமம் செய்கிறேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மூச்சுக்குச் சுகம். இதைவிடப் பெரிய தொல்லை, காலையில் வளவு கூட்டிக் குப்பைக்கு நெருப்பு வைக்கும் ஊர்ப்பழக்கம். மாவிலைச் சருகோடு பிளாஸ்ரிக் பையும் சேர்ந்து எரியும் புகை 6 மணிக்கு வேலியைத் தாண்டி வந்துவிடும். அயலவரோடு சண்டை பிடிப்பதை விட என் நேரத்தை மாற்றுவது எளிது என்பதால், மூச்சுப்பயிற்சியை 5 மணிக்கு முதலில் முடித்துவிட்டு ஆசனங்களைப் பிறகு செய்கிறேன். பயிற்சி முறைகள் பலவற்றில் ஆசனம்தான் முதலில் வரும். ஊர்ப் புகை அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டது.

உடலைப் பொறுத்தவரை எனக்குக் கிடைத்த பெரிய பயன் நாரியில்தான். பவனமுக்தாசனம், சேது பந்தாசனம், சலபாசனம் ஆகிய மூன்றையும் நாள் தவறாமல் செய்ததில், காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போது சுவரைப் பிடிக்கும் வழக்கம் ஏறக்குறைய எட்டு மாதத்தில் நின்றது. முழங்காலில் அத்தகைய முன்னேற்றம் ஏற்படவில்லை. வச்சிராசனத்தில் இருந்தால் இன்றைக்கும் நோகிறது, ஆகவே இருப்பதில்லை. பிறசரைப் பற்றி வெளிநாட்டு உறவினர் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு என் பதில் இதுதான்: குளிசையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். பயிற்சியோடு நடையும் உப்புக் குறைப்பும் சேர்ந்து அளவு சற்று இறங்கியது. அதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை. ஆனால் குளிசை எடுப்பவர்கள் ஒரு விடயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குனிந்து செய்யும் ஆசனத்திலிருந்து சடுதியாக நிமிர்ந்தால் இரத்த அழுத்தம் ஒரு கணம் சரிந்து தலைச்சுற்று வரும். எனக்கு அப்படி வந்து கிணற்றுக்கட்டில் நெற்றியை மோதிக்கொண்டேன், மூன்று தையல். இப்போது குனிந்த நிலையிலிருந்து முழங்காலை மடித்து, கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு மூச்சு தாமதித்துத்தான் நிமிர்கிறேன். மனைவிக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பது பரிசோதனையில் தெரிந்தது. தலை கீழாக இருக்கும் நிலைகளில் கண்ணழுத்தம் மேலும் ஏறும் என்பதால், சர்வாங்காசனத்தையும் சிரசாசனத்தையும் வைத்தியர் அவருக்கு அடியோடு நிறுத்திவிட்டார். 60 வயதுக்கு மேல் பயிற்சி தொடங்குபவர்கள் கண்ணையும் எலும்பையும் முதலில் பரிசோதித்துக்கொள்வது பண விரயமாகாது.

சேதம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நான்காம் வருடத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்த குறுகியகால வகுப்பொன்றுக்குப் போனேன். பச்சிமோத்தாசனத்தில் என் கை பாதத்தை எட்டவில்லை என்று கண்ட பயிற்றுநர், பின்னால் வந்து தன் முழு எடையையும் என் முதுகில் வைத்து அமுக்கினார். தொடையின் பின்புறத்தில் ஏதோ அறுந்தது போல இருந்தது. ஆறு வாரம் நொண்டி நடந்தேன். பாதத்தை எட்டுவதால் எனக்கு என்ன ஆகப்போகிறது என்று அன்று அவரைக் கேட்காமல் விட்டதுதான் என் பிழை. அதன் பிறகு யாரும் என்னைத் தொட்டுத் திருத்த நான் அனுமதிப்பதில்லை.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒன்றாகக் கூடிச் செய்கிறோம். காலையில் அடுப்படி வேலை இருப்பதாகப் பெண்கள் சொன்னதால் நேரத்தை மாலை 4.30க்கு வைத்தோம். தொடக்கத்தில் 14 பேர் வந்தோம். மாரி வந்ததும் ஐந்து பேரானோம். இப்போது ஒன்பது பேரில் நிற்கிறது. சேலையோடு வருபவர்களுக்கும் குந்த முடியாதவர்களுக்கும் ஏற்றபடி பாதி ஆசனங்களைக் கதிரையில் இருந்தே செய்கிறோம். பிளாஸ்ரிக் கதிரையின் கால் சீமெந்தில் வழுக்கும் என்பதால் அதைச் சுவரோடு அணைத்தே வைக்க வேண்டும்; நிலையத்தில் கிடந்த பழைய மரவாங்கு அதைவிட மிக நல்லது. எங்களுள் 78 வயதான ஆச்சி ஒருவர் இருக்கிறார். நாள்தோறும் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுபவர். தரையில் சம்மணமிட்டு இருந்தபடியே கை ஊன்றாமல் எழுந்துவிடுவார். 31 வருடம் கதிரையிலும் பேருந்திலும் இருந்து வந்த எனக்கு அது இன்றும் கைகூடவில்லை. எங்கள் கூட்டத்தில் பயிற்றுநர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

அதே கூட்டத்தில், முன்பு ஆசிரியராக இருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் செய்வதை யோகம் என்று சொல்லவே ஒப்புக்கொள்வதில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பழையவர்களுக்கு நினைவு வருவது கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964 இல் மறைந்த ஞானி யோகர் சுவாமிகளும், அவர் சொன்ன சும்மா இருத்தலும்தான். "நீர் செய்யிறது எக்சசைஸ், தம்பி. அதைச் செய்யும், நல்லது. ஆனால் பேரை மாத்தாதையும்" என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை. வைகாசி, ஆனி மாதத்து மாலைகளில் ஆசனம் எதுவும் இல்லாமல் முனைக்கு நடந்து போய், வெளிச்சவீட்டுப் பக்கம் ஒரு கல்லில் அரைமணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருவதுண்டு. கடலோரத்தில் வாழ்வதன் பயன் பயிற்சிக்கு எங்கே கிடைக்கிறது என்று கேட்டால் அந்த அரைமணியைத்தான் சொல்வேன்.

இங்கே வந்து வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ பார்ப்பவர்கள், கடல் எத்தனை மீற்றரில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், விறாந்தையின் நடுவில் படுத்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்க்கட்டும். தரகர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்த்தால் பார்க்கட்டும். எங்கள் விறாந்தையில் எனக்கு இடது கை இன்னமும் தூணில் முட்டுகிறது.