டக் சத்தமா, முள்ளா, திரையா: டார்க் ரெஞ்ச் கெட்டால் எதில் நமக்குத் தெரியும்?

டார்க் ரெஞ்ச் "டக்" என்று சொல்லும் என்று நம்பி இழுத்துக்கொண்டே போய் ஒரு எம்8 (8 மி.மீ.) போல்ட்டை உடைத்த ஆள் நான். போல்ட்டை எவ்வளவு முறுக்கு விசையில், அதாவது டார்க்கில், இறுக்குகிறோம் என்று அளக்கும் கருவி அது. அளவை 25 நியூட்டன் மீட்டரில்தான் வைத்திருந்தேன். கைக்குக் கனமாகிக்கொண்டே வந்தது, எங்கேயோ இடிக்கிறதே என்றும் தோன்றியது, ஆனால் ரெஞ்ச் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று மேலும் கொஞ்சம் இழுத்தேன். கடைசியில் சத்தம் வந்தது. ரெஞ்சிலிருந்து இல்லை, போல்ட்டிலிருந்து.

அப்புறம் அந்த ரெஞ்சைப் பிரித்தேன், சரிசெய்தேன், நடுவில் முள் வகை ஒன்றை வாங்கினேன், டிஜிட்டல் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். இந்த மூன்றையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகத் துல்லியத்தை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அந்தப் போல்ட் போன பிறகு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: கருவி கெட்டுப்போனால் அது எனக்குத் தெரியவருமா, தெரிந்தால் வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா?

முதலில் கிளிக் வகை, வைத்த அளவு வந்ததும் "டக்" என்று சொல்வது. இதன் உள்ளமைப்பு தெரியாமல் மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் பிரயோஜனம் இல்லை. வெளியே தெரிவது ஒரு குழாய். தலைப் பகுதி, அதாவது போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் பகுதி, அந்தக் குழாயோடு ஒரே ஒரு குறுக்கு ஊசியில் மாட்டியிருக்கிறது. தலையிலிருந்து ஒரு வால் குழாய்க்குள் நீண்டு நிற்கிறது. கைப்பிடிப் பக்கத்திலிருந்து ஒரு நீளமான ஸ்பிரிங், ஓர் உருளையை வாலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உருளைக்கும் வாலுக்கும் நடுவே ஒரு குட்டி எஃகுக் கட்டை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. மொத்த ரகசியமும் அந்தக் கட்டைதான். நாம் இழுக்க இழுக்க வால் பக்கவாட்டில் நகரப் பார்க்கும். கட்டை சாய்ந்தால்தான் அது நகர முடியும், கட்டை சாய வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளியாக வேண்டும். முறுக்கு விசை அந்த அளவைத் தொட்டதும் கட்டை சட்டென்று சாய்கிறது, வால் குழாயின் சுவரில் மோதுகிறது. நமக்குக் கேட்கிற "டக்" அந்த மோதல்தான். கைப்பிடியைத் திருகி அளவை ஏற்றுவது என்றால் ஸ்பிரிங்கை இன்னும் அமுக்குவது, அவ்வளவுதான். பிடியை விட்டதும் ஸ்பிரிங் கட்டையை நிமிர்த்தி விடும். நிமிர்த்தியாக வேண்டும். என் ரெஞ்சில் கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருந்தது. குறைந்த அளவில் ஸ்பிரிங்கின் தள்ளும் பலமும் குறைவு என்பதால், முந்தின தடவை சாய்ந்த கட்டை நிமிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டது. வால் ஏற்கெனவே சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது மோத இடம் ஏது?

இந்த அமைப்பிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது, இரண்டும் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, கிளிக் வந்த பிறகு ரெஞ்ச் எதையும் தடுப்பதில்லை. ஒரு சில டிகிரி வழுக்கிவிட்டு, அதற்குமேல் அது வெறும் இரும்புக் கம்பிதான், இழுத்தால் போல்ட் இன்னும் இறுகும். "உறுதிப்படுத்திக்கொள்ள" இரண்டு மூன்று தடவை டக் டக் என்று அடிப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

இன்னொன்று, பிடிக்கும் இடம். ரெஞ்ச் உண்மையில் அளப்பது போல்ட்டின் அச்சில் உள்ள முறுக்கை இல்லை, அந்தக் குறுக்கு ஊசியில் உள்ளதை. ஊசி போல்ட்டின் மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி, கைப்பிடியின் நடு 50 செ.மீ. தள்ளி என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியை விட்டுவிட்டுக் குழாயின் பாதியில், 25 செ.மீ.யில் பிடித்து இழுத்தால், அதே கிளிக் சுமார் 7 சதவீதம் அதிக முறுக்கில்தான் வரும். பைப் சொருகி நீட்டினால் சில சதவீதம் குறைவில் வரும். கைப்பிடியில் சொரசொரப்பான பகுதியை வீணுக்குப் போடவில்லை.

முள் வகை இதற்கு நேர் எதிர். ஒரு நீளமான எஃகுத் தண்டு, அது வளைகிறது. பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி, அது வளைவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கைப்பிடியருகே உள்ள அளவுத் தகட்டில் படிக்கிறோம். கட்டை இல்லை, கிரீஸ் இல்லை, அமுக்கி வைத்த ஸ்பிரிங் இல்லை. கீழே போட்டால் கம்பி வளைந்து முள் பூஜ்யத்தை விட்டு விலகி நிற்கும், பார்த்தவுடனே தெரியும், கையால் வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் பழுதுபார்ப்பு முடிந்தது. எஃகின் மீள்தன்மை வருடத்துக்கு வருடம் மாறுகிற சமாச்சாரமும் இல்லை. எதிர்த் திசையில் இறுகும் இடது மரை போல்ட்டுக்கும் அதே ரெஞ்ச். கிளிக் வகையில் பெரும்பாலானவை ஒரு திசையில்தான் அளக்கும், ராட்செட் இரண்டு பக்கமும் சுற்றுகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

குறை என்றால், முள்ளுக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் அளவு மாறித் தெரியும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ரெஞ்ச் என்று இருக்கும்போது இதைவிட எரிச்சலான கருவி கிடையாது. கைப்பிடி ஓர் ஊசியில் ஆடிக்கொண்டிருக்கும், அது தண்டின் மேல் இடிக்காமல் மிதந்தபடி இழுக்க வேண்டும். அங்கேதான் இதன் பிடிக்கும் இடம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. கை ரெஞ்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலை கிளிக் வகைக்கு, அதன் உச்ச அளவு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் என்றால், ±4 சதவீதம் பிழையைத்தான் அனுமதிக்கிறது. வளையும் தண்டு வகைக்கு ±6 வரை விட்டுக்கொடுக்கிறது. காகிதத்தில் கிளிக்தான் மேல். ஆனால் அந்த 4 சதவீதம் புதிதாக, சரியாக இருக்கும் கருவிக்கு. அதே தரநிலை 12 மாதத்துக்கு ஒரு முறை, அல்லது 5000 தடவை பயன்படுத்திய பிறகு மறுபடி அளவீடு சரிபார்க்கச் சொல்கிறது. வீட்டில் வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்? ஐந்து வருடம் பெட்டியில் கிடந்த கிளிக் ரெஞ்சையும் ஐந்து வருடம் ஆணியில் தொங்கிய முள் ரெஞ்சையும் என் கையில் கொடுத்தால், யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

டிஜிட்டலைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உள்ளே எஃகில் ஒட்டிய திரிபுமானிகள், அவற்றின் மின்தடை மாறுவதைத் திரையில் எண்ணாகக் காட்டுகிறது, அளவு நெருங்கும்போது பீப் அடிக்கிறது, நல்லவை ±1 அல்லது 2 சதவீதத்துக்குள் நிற்கும். கோணம் அளக்கும் வசதி உள்ளது என்றால் இன்றைய எஞ்சின்களில் "இவ்வளவு டார்க், அப்புறம் 90 டிகிரி" என்று வரும் போல்ட்டுகளுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் உச்ச அளவைத் தாண்டி இழுத்துவிட்டால் பூஜ்யம் நகர்ந்துபோகலாம். ஆன் செய்யும்போது அதுவே அந்த இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், நமக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் திறந்து பார்த்துச் சரிசெய்யவும் ஏதுமில்லை. என் கேள்விக்கு இது கடைசி இடம். பாட்டரி தீர்ந்தால் திரை அணைந்துவிடுகிறது, அதையாவது ஒளிக்காமல் சொல்கிறதே என்று வேண்டுமானால் பாராட்டலாம்.

சரி, கிளிக் ரெஞ்ச் கெட்டுவிட்டது. நாமே பிரிப்பதா, அளவீட்டுக் கூடத்துக்கு அனுப்புவதா, தூக்கிப் போடுவதா? பிரேக், ஸ்டீயரிங் மாதிரி உயிரோடு விளையாடுகிற இடத்தில் அந்த ரெஞ்சைப் பயன்படுத்துவீர்கள் என்றால் கூடத்துக்கு அனுப்புங்கள், அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த கருவி இருக்கிறது. ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ தலையின் ஊசித்துளை தேய்ந்து ஆடினாலோ தூக்கிப் போடலாம். வெறும் அழுக்கும் காய்ந்த கிரீஸும்தான் என்றால் வீட்டிலேயே செய்யலாம், ஒரு மாலை நேரம் போதும்.

முதலில் கைப்பிடியைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள், ஸ்பிரிங் அமுங்கியிருக்கும்போது கழற்றினால் எகிறி அடிக்கும். பின்முனையில் மூடியும் பூட்டு நட்டும் இருக்கும், அதற்குள்தான் அளவை நிர்ணயிக்கும் திருகு. அது எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு, கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதாமல் விட்டு, திரும்பப் பொருத்தும்போது ஒரு மணி நேரம் பட்டேன். ஸ்பிரிங் வந்ததும் குழாயைத் துணியின் மேல் மெதுவாகக் கவிழ்த்தால் உருளையும் கட்டையும் நழுவி வரும். கட்டை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதை உடனே போட்டோ எடுங்கள். மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, கட்டை உட்காரும் குழிகளில் தேய்மானம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் கிளிக் ஒரு தடவை ஒரு மாதிரி, மறு தடவை இன்னொரு மாதிரி வரும், அதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. நல்லபடியாக இருந்தால் மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லிசாகப் பூசிப் பொருத்துங்கள். மெல்லிய எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், இருக்கிற கிரீஸையும் கரைத்துவிட்டுப் போய்விடும்.

இதுவரை சுலபம். பொருத்திய ரெஞ்ச் டக் என்று அழகாகச் சொல்லும், ஆனால் எந்த அளவில் சொல்கிறது? இங்கேதான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டில் சரிபார்க்க, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் வாளித் தண்ணீரும் போதும். ரெஞ்சில் சாக்கெட் மாட்டும் சதுர முனையை வைஸில் கடிக்கவிட்டு, கைப்பிடி தரைக்கு இணையாக, முடுக்கும் திசையில் கீழிறங்கும்படி வையுங்கள். ஐந்து தடவை உச்ச அளவில் கிளிக் செய்து பழக்கிவிட்டு, அளவை 50 நியூட்டன் மீட்டருக்கு வைத்து, கைப்பிடியின் நடுவில் வாளியைத் தொங்கவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். கிளிக் வந்ததும் வாளியை எடை போடுங்கள். கிலோ எடை, மீட்டர் நீளம், 9.81, மூன்றையும் பெருக்கினால் நியூட்டன் மீட்டர்.

இந்தக் கணக்கில் ரெஞ்சின் சொந்த எடையை விட்டுவிடக் கூடாது. என்னுடையது 1.2 கிலோ, விரலில் சமநிலைப்படுத்திப் பார்த்தால் சதுர முனையிலிருந்து 20 செ.மீ.யில் நிற்கிறது; அதுவே 2.35 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் கைப்பிடிக்கு 50 வேண்டுமென்றால் கணக்குப்படி வாளி 10.2 கிலோ இருக்க வேண்டும் என்று தோன்றும், உண்மையில் 9.7 போதும். இதை மறந்தால் நாம் தேடுகிற 4 சதவீதப் பிழையைவிடப் பெரிய பிழையை நாமே உண்டாக்கிவிடுவோம்.

முள் ரெஞ்ச் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இரண்டிலும் ஒரே அளவு சாக்கெட் மாட்டி, நடுவே ஒரு நீள அறுகோண நட்டைச் சொருகி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை இழுத்தால், இரண்டும் ஒரே முறுக்கைத்தான் தாங்கியாக வேண்டும். கிளிக் வரும் நொடியில் முள்ளைப் பார்த்துக்கொள்ளலாம். வாளி அளவுக்கு நம்பகம் இல்லை, ஆனால் இரண்டு நிமிட வேலை.

பிழை தெரிந்தால் உடனே பின்முனைத் திருகில் கை வைக்காதீர்கள். இன்னொரு அளவிலும் பாருங்கள். 50-இல் 2 கூடுதல், 100-இலும் 2 கூடுதல் என்றால் திருகால் சரியாகும், கால் சுற்று சுற்றிப் பார்க்கலாம். 100-இல் 4 கூடுதல் என்றால் ஸ்பிரிங்கின் விறைப்பே அளவுகோலோடு ஒத்துப்போகவில்லை, திருகினால் ஓரிடத்தில் சரியாகி இன்னோரிடத்தில் கெடும். அளவின் கீழ் 20 சதவீதத்தை எப்படியும் நம்ப வேண்டாம், தரநிலையே சோதனையை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மீதி தலைக்கடியிலும் மரையிலும் உராய்வில் போகிறது. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பட்ட மரைக்கு வைத்தால் போல்ட்டில் மூன்றில் ஒரு பங்குவரை கூடுதல் இழுவிசை வந்துவிடலாம். அதனால் ரெஞ்சைச் சரிபார்க்கிற அன்றைக்கே மரையைத் துடைக்கிற பழக்கமும் வரட்டும்.

என் கையில் இப்போது இரண்டும் இருக்கின்றன. வரிசையாகப் பத்துப் பதினாறு போல்ட் என்றால் கிளிக், ஒன்றிரண்டு முக்கியமான போல்ட் என்றால் முள். வேலை முடிந்ததும் கிளிக் ரெஞ்சைக் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்கிறேன், அளவுகோலின் அந்தக் கடைசிக் கோட்டுக்குக் கீழே திருகுவதில்லை, திருகினால் கட்டை இடம் மாறி உட்காரலாம். என் வாளி 10.1 கிலோவில் கிளிக் சொன்னது, 100-இலும் பிழை அதே விகிதத்தில் இருந்தது, எனவே திருகைத் தொடவில்லை. பெட்டி மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "50-க்கு வைத்தால் 52", கீழே சோதித்த தேதி.