மறைத்துக் கட்டியதா, மறைந்துபோனதா? பழைய வீட்டின் ரகசிய அறை குறித்த ஓர் அலசல்

பழைய வீடுகளில் ரகசிய அறையைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அளவு நாடாதான். உள்ளே இருக்கும் அறைகளின் நீளத்தையும் சுவர்களின் கனத்தையும் கூட்டிப் பார்த்தால், வெளிச்சுவரின் நீளத்தோடு ஒத்துப்போகாமல் நான்கைந்து அடி குறையும். சந்தேகப்பட்டுச் சுவரைத் திறந்தால் உள்ளே கதவோ சன்னலோ இல்லாத ஓர் இடம் இருக்கும். பார்த்தவர்கள் உடனே புதையல் என்பார்கள், அல்லது யாரோ தலைமறைவாக இருந்த இடம் என்பார்கள். அவற்றோடு போட்டியிடக்கூடிய விளக்கங்கள் இன்னும் மூன்று உண்டு: தடை செய்யப்பட்ட வழிபாட்டுக்கான இடம், வீட்டு வேலைக்கென இருந்த சாதாரண இடம், வீட்டை மாற்றிக் கட்டியபோது மிஞ்சிய வெற்றிடம். கடைசி இரண்டும் கேட்பதற்குச் சுவையற்றவை என்றாலும், ஆதாரம் எதுவும் கிடைக்காத நிலையில் பந்தயம் கட்டச் சொன்னால் நான் அவற்றின் மீதே கட்டுவேன்.

முதலில், ஆளை ஒளிக்கும் அறை. இதற்கு மிகத் தெளிவான சான்றுகள் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. கத்தோலிக்கக் குருமார் அந்நாட்டில் தங்கியிருப்பதையே இராஜத் துரோகமாக்கிய 1585ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வசதி படைத்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் அவர்களுக்கான மறைவிடங்களை அமைத்தன. அவற்றில் பலவற்றை அமைத்தவர் நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர். பகலில் எல்லோரும் பார்க்கும்படி ஏதாவது பழுதுவேலை செய்துகொண்டிருந்த அவர், உண்மையான வேலையை இரவில் தனியாகச் செய்தார். 1606இல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி இறக்கும்வரை தாம் கட்டிய இடங்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. வூஸ்டர்ஷயரில் உள்ள ஹார்விங்டன் ஹாலில், சுவரில் பதிந்த உத்தரக்கட்டை போலத் தோன்றும் ஒன்று சுழன்று வழிவிடுகிறது. அதன் பின்னால் இருந்த மறைவிடம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

இத்தகைய இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் அவற்றின் இலக்கணம் பிடிபடும். ஒளிந்திருப்பவர் உள்ளிருந்தே பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் தாழ்ப்பாள் உட்புறம் இருக்கும். காற்று வர ஏதேனும் ஒரு வழி இருக்கும். தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற ஓசை வராதபடி சுவரின் கனம் அமையும். நாஜி ஆக்கிரமிப்பின்போது யூதர்களுக்கு அடைக்கலம் தந்த, நெதர்லாந்தின் ஹார்லெம் நகர டென் பூம் குடும்பத்தினர் தங்கள் வீட்டின் மேல்தளப் படுக்கையறையில் எழுப்பிய பொய்ச்சுவர் செங்கல்லால் ஆனது. துணி அலமாரியின் அடித்தட்டு வழியே தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். 1944 பிப்ரவரி 28 அன்று நடந்த சோதனையின்போது அதற்குள் ஒளிந்த ஆறு பேர், ஏறத்தாழ இரண்டு நாட்கள் நின்றும் நெருக்கியும் காலம் கழித்து, பிடிபடாமல் வெளியேறினர்.

உணவும் கழிவும்தான் இன்னும் கூர்மையான சான்றுகள். இங்கிலாந்தின் ஹிண்ட்லிப் மாளிகையில் 1606 ஜனவரியில் நடந்த நீண்ட சோதனையின்போது கத்தோலிக்கக் குரு ஹென்றி கார்னெட்டும் அவரது தோழரும் ஒளிந்திருந்த இடத்துக்கு, பக்கத்து அறையின் புகைபோக்கி வழியே செருகிய ஒரு மெல்லிய குழாய் மூலம் கஞ்சி போன்ற நீர் உணவு ஊற்றப்பட்டது. ஆயினும் உணவில்லாமை அவர்களை வெளியே கொண்டுவரவில்லை. கழிவுக்கு வசதி இல்லாததே கொண்டுவந்தது. அந்த ஒரு வசதி இருந்திருந்தால் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்கலாம் என்ற பொருள்பட கார்னெட் பின்னர் எழுதினார். ஆகவே காற்றுவழி இல்லாத, தாழ்ப்பாள் வெளியே இருக்கிற, ஒரு மனிதர் காலை மடக்கிக்கூட உட்கார முடியாத குழியைக் காட்டி ‘இங்கே ஒருவர் மாதக்கணக்கில் வாழ்ந்தார்’ என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

பொருளை ஒளிக்கும் அறை கிட்டத்தட்ட எல்லா வகையிலும் இதற்கு எதிர்மாறானது. பொருளுக்கு மூச்சு வேண்டாம். ஈரமின்மையும் பலத்த கதவும் வேண்டும், பூட்டு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில், நியூயார்க்கின் 21 கிளப் என்ற விடுதியின் நிலவறையில் இரண்டரை டன் எடையுள்ள கதவு ஒன்று சாதாரணச் சுவர்போல நின்றது. குறிப்பிட்ட ஒரு துளையில் மெல்லிய கம்பியைச் செருகினால்தான் அது திறக்கும். மதுப் புட்டிகள் இருந்த பகுதி பக்கத்துக் கட்டடத்தின் அடியில் அமைந்திருந்ததால், ‘இந்தக் கட்டடத்தில் மது இல்லை’ என்று சொல்வது பொய்யாகாது என்ற சாமர்த்தியமும் அதில் இருந்தது. பூட்டுக்கும் கதவுக்கும் இவ்வளவு செலவழித்த இடத்தில் உள்ளே இருந்தவர் வெளியேறுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லையென்றால், அது சரக்கறைதான். சுவர்களில் தட்டு பொருத்திய துளைகளும், தரையில் பீப்பாயோ பெட்டியோ இழுபட்ட தடங்களும் அதை உறுதிப்படுத்தும்.

வழிபாட்டு விளக்கத்தை நான் விரைவாகவே கடந்துவிடுகிறேன். சிலர் கூடி நிற்கும் அளவுக்கு இடம் தேவைப்படுவதால், சுவருக்குள் கிடைக்கும் சிறு அறைகளுக்கு அது அரிதாகவே பொருந்தும். ஆம்ஸ்டர்டாமில் 1663 வாக்கில் ஒரு வணிகர் தம் வீட்டின் மேல்தளங்களை இணைத்து அமைத்த கத்தோலிக்கத் தேவாலயம் இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அது அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. தெருவிலிருந்து பார்த்தால் தேவாலயமாகத் தோன்றாதவரை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அங்கே மறைவு என்பது ஓர் ஒப்பந்தம் மட்டுமே.

வீட்டு வேலைக்கான இடங்கள் என்ற விளக்கம் இதைவிட மிகவும் வளமானது. ஐரோப்பியச் செல்வந்தர் வீடுகளில், ஏவலாளர்கள் விருந்தினர் கண்ணில் படாமல் வந்துபோவதற்காகச் சுவர்த்தாளே ஒட்டப்பட்டு, சுவரோடு சுவராகத் தெரியும் கதவுகள் வைக்கப்பட்டன. வீட்டாருக்கு அது ரகசியமே அல்ல. அந்த வழக்கம் ஒழிந்து, கதவின் மேல் இன்னொரு தாள் ஒட்டப்பட்ட பிறகுதான் அந்த இடம் ரகசியமானது. புகைபோக்கியை ஒட்டி, உள்சுவரெங்கும் தடிப்பான கரி படிந்த சிறிய அறை கிடைத்தால், அது இறைச்சியைப் புகையில் பதப்படுத்திய இடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாடிக் கழிப்பறையிலிருந்து கீழே இறங்கிய செங்குத்தான புழைகளும் ‘குருமார் ஒளிந்த இடம்’ என்று காலங்காலமாகக் காட்டப்பட்டிருக்கின்றன.

இனி மிச்ச வெற்றிடம். விறகு எரித்த அடுப்புகள் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு அகன்றவை. நிலக்கரி வந்து சிறிய அடுப்பே போதும் என்றானபோது, பழைய குழிவின் முகப்பைச் செங்கல்லால் அடைத்து, சிறிய அடுப்பை அதன் முன் வைத்தார்கள். பக்கங்களில் வெற்றிடம் நின்றது. படிக்கட்டை இடம் மாற்றும்போதும், இரு வீடுகளை ஒன்றாக்கும்போதும் இப்படியே நேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சன்னல் தெரிந்து, உள்ளே அதற்குரிய அறை இல்லையென்றால் இந்த விளக்கமே முதலில் வர வேண்டும்: சன்னல் வைத்துக் கட்டிய ஒருவர் அந்த இடத்தை ஒளிக்க நினைத்திருக்க மாட்டார்.

மறைவிடமும் சாதாரண இடமும் ஒன்றாகிவிடும் நிலையும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் பிரின்சன்கிராக்ட் தெருவில் 263ஆம் எண் கட்டடத்தின் பின்பகுதியில் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை ஆனி ஃபிராங்க் உள்ளிட்ட எட்டுப் பேர் மறைந்து வாழ்ந்தனர். அந்தப் பின்பகுதி மறைவிடமாகக் கட்டப்பட்டதல்ல. வணிக நிறுவனமொன்றின் சாதாரணப் பின்கட்டு. சுழலும் புத்தக அலமாரி ஒன்று வாசலை மூடியபோதுதான் அது மறைவிடமாயிற்று. சுவரை மட்டும் படிப்பவருக்கு அதன் கதை கிடைத்திருக்காது. ஆனியின் நாட்குறிப்பும் உயிர்பிழைத்த ஒருவரின் சாட்சியமும் தேவைப்பட்டன. இதற்கு மறுபுறம், அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களுக்கு அடைக்கலம் தந்ததாகச் சொல்லப்படும் வீடுகளின் சுரங்கங்களும் அறைகளும் பலவற்றுக்கு எழுத்துச் சான்றே இல்லை. தப்பியோரில் பெரும்பாலோர் சாதாரணக் களஞ்சியங்களிலும் மாடியறைகளிலும் தங்கவைக்கப்பட்டனர். குடும்பக் கதை பொய் என்பதல்ல என் வாதம். கதை எந்த அறையில் வந்து ஒட்டிக்கொண்டது என்பது தனிக் கேள்வி.

விளக்கங்கள் சமநிலையில் நிற்கும்போது, அறையை விட்டுவிட்டு அடைப்பைப் பார்ப்பதே நல்லது. அடைப்பில் உள்ள ஆணிகள் கொல்லன் கையால் அடித்தவையா, தகட்டிலிருந்து இயந்திரத்தால் வெட்டியவையா, உருண்டைக் கம்பியால் ஆனவையா என்பதைப் பாருங்கள். இரண்டாவது வகை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், மூன்றாவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பரவலாயின. வீட்டின் கூரையில் கையால் அடித்த ஆணியும் அடைப்பில் கம்பி ஆணியும் இருந்தால், அந்த அறை தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திறந்த அறையாகவே கழித்திருக்கிறது. கட்டியவர் எதையும் ஒளிக்கவில்லை. அடைப்பின் உட்புறமும் சுண்ணம் பூசி நேர்த்தியாக்கப்பட்டிருந்தால், உள்ளே யாரோ இருக்கப்போகிறார் என்று எண்ணியே அதைக் கட்டியிருக்கிறார்கள். காரை பிதுங்கி வழிந்து காய்ந்த நிலையிலேயே இருந்தால், கொத்தனார் வெளியே நின்று கடைசிக் கல்லை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்.