மரம் வெட்டும் சேவை: தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அனுபவத்தை வைத்து ஒரு மதிப்புரை

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி செல்லும் சாலையை ஒட்டியுள்ள எங்கள் குடும்ப நிலத்தில் தைல மரத் தோப்பை மொத்தமாக வெட்டவும், அதற்கு மேலே சரிவில் நெருக்கமாக வளர்ந்துவிட்ட தேக்குகளை இடையிடையே வெட்டிக் கலைத்துவிடவும் உள்ளூர் மரம் வெட்டும் குழு ஒன்றை அமர்த்தினோம். குழுவின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் பார்த்தவரை இந்த வட்டாரத்துக் குழுக்கள் பலவும் ஏறக்குறைய இதே முறையில்தான் வேலை செய்கின்றன. ஆகவே யாரை அமர்த்தினாலும் இந்த மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன். எடை, பணம், காலம் ஆகிய மூன்றிலும் எனக்குக் குறையில்லை. வெட்டி முடித்த பிறகு நிலம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதைத் தம் வேலையின் ஒரு பகுதியாகவே அவர்கள் கருதவில்லை என்பதுதான் என் குறை.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி சொன்ன நாளில் ஆட்களோடு வந்து சேர்ந்தார். தேக்கை வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் வேண்டிய அனுமதி வேலைகளை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு லோடும் எடை மேடைக்குப் போனபோது எங்கள் வீட்டு ஆள் ஒருவரையும் வண்டியில் ஏற்றிச் சென்று ரசீதைக் கையில் கொடுத்தார்கள். தைல மரங்களை அறுத்த விதமும் நேர்த்தியாக இருந்தது: தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குள், மழைநீர் தேங்காதபடி சற்றுச் சாய்வாக, பட்டை கிழியாமல் அறுத்திருந்தார்கள். அடிக்கட்டையின் பட்டை பிளந்துவிட்டால் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் வளரும் தளிர்) சரியாகத் துளிர்க்காது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

இனிக் குறைக்கு வருகிறேன். கட்டைகள் ஏறிப் போன மறுநாள் காலையில் சாலையில் நின்று பார்த்தபோது, தோப்பு இருந்த இடம் முழுவதும் தழையும் சுள்ளியும் உரித்த பட்டையும் முழங்கால் உயரத்துக்கு இறைந்து கிடந்தன. டிராக்டர் சரிவில் நேராக ஏறி இறங்கிய தடங்கள் இரண்டு சிவந்த வாய்க்கால்களாக மேலிருந்து சாலை வரை ஓடின. ஓரத்தில் இருந்த பெரிய புங்க மரம் வெட்ட வேண்டிய கணக்கில் இல்லை என்றாலும், வண்டி உரசியதில் அதன் அடியில் ஓரடி நீளத்துக்குப் பட்டை கழன்று வெள்ளை மரம் தெரிந்தது. இதை மேஸ்திரியிடம் கேட்டபோது, "தழையெல்லாம் ரெண்டு மழைக்குத் தானா மக்கிடும் சார், கட்டைக்குத்தானே காசு பேசினோம்" என்றார். அவர் சொன்னது பேச்சுப்படி சரிதான். அந்தப் பேச்சைத்தான் மாற்ற வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

இது வெறும் ரசனை விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் உள்ள பிட்டர்ரூட் தேசியக் காட்டில் மலைச்சரிவுகளை மொட்டையாக வெட்டிப் படிக்கட்டு போலத் தளம் அமைத்ததைக் கண்டு உள்ளூர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1970-இல் மான்டானா பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் குழு ஒன்று அந்த முறையைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. மொட்டை வெட்டுக்கு எதிரான அந்தக் காலத்து எதிர்ப்புகளின் தொடர்ச்சியாக 1976-இல் வந்த தேசியக் காடுகள் சட்டம், வெட்டும் பகுதியின் வடிவம் இயற்கையான நில அமைப்போடு இயன்றவரை இசைந்திருக்க வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் டெர்ரி டேனியல், ரான் பாஸ்டர் என்ற ஆய்வாளர்கள் காட்டின் காட்சி அழகை அளப்பதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். நல்ல கோணம் என்று தேடாமல் காட்டுக்குள் பல திசைகளில் எடுத்த வண்ணப் படங்களைச் சாதாரண மக்களுக்குக் காட்டி, பத்துப் புள்ளி அளவில் மதிப்பெண் இடச் சொல்வது அந்த முறை. அதைத் தொடர்ந்து வந்த பல ஆய்வுகளில் மக்கள் ஏறக்குறைய ஒரே திசையில்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள்: பெரிய மரங்கள், ஓரளவு தூரம் கண் செல்லக்கூடிய திறப்பு, தரையில் புல் ஆகியவை மதிப்பைக் கூட்டின, மொட்டை வெட்டும், தரையில் இறைந்து கிடக்கும் வெட்டுக் கழிவும் அதைப் பெரிதும் குறைத்தன. கலைத்து வெட்டிய காடு, கழிவு மறைந்து புல் வந்த பிறகு, வெட்டாத நெருக்கமான காட்டைவிடவும் அதிக மதிப்பு பெறுவதுண்டு.

எங்கள் நிலத்தின் மேற்பகுதியில் நடந்தது இதற்கு நேர்ச் சான்று. தேக்கை இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தோம். ஐந்தாறு ஆண்டுகளில் முதல் கலைப்பு செய்திருக்க வேண்டியது தள்ளிப் போனதால், ஒல்லியான மரங்கள் வேலிக் கம்புகளைப் போல நெருங்கி நின்று, உள்ளே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாமல் இருந்தது. குழுவினர் வளைந்ததையும் நோஞ்சானையும் எடுத்து, நேரான தடித்த மரங்களை நிறுத்தினார்கள். அந்தத் தேர்வில் அவர்களுக்கு நல்ல கண் இருக்கிறது என்பதை மனதாரச் சொல்கிறேன். வெட்டிய கையோடு பார்த்தபோது அந்த இடமும் அலங்கோலமாகத்தான் இருந்தது. மழைக்குப் பிறகு தரையில் புல் பிடித்தது. மரங்களுக்கிடையே மேலகிரி மலைவரிசை தெரிந்தது. நிலத்தின் மடிப்பு எங்கே ஓடுகிறது என்பதே அப்போதுதான் எங்களுக்குப் புலப்பட்டது. வெட்டுவதற்கு முன்பும், வெட்டிய மறுநாளும், மழைக்குப் பிறகும் எடுத்த படங்களை உறவினர்களிடமும் பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் கலைத்துப் போட்டுக் காட்டியபோது, எது எப்போது எடுத்தது என்று அறியாதவர்கள்கூட மழைக்குப் பிந்தைய தேக்குப் படத்தையே முதலில் எடுத்தார்கள். தைலத் தோப்பின் மறுநாள் படத்தை எவரும் விரும்பவில்லை, ஒரு பெரியம்மா "இங்கே யானை புகுந்துச்சா?" என்றே கேட்டார்.

தைலத் தோப்பில் என்னை இன்னும் உறுத்துவது அதன் ஓரம். சாலைக்கு எதிரே தெரியும் மலைப்பக்கத்தில் ஆச்சா, துரிஞ்சில், மூங்கில் என்று வறண்ட இலையுதிர் காடு. இந்தப் பக்கத்துக் காப்புக் காடுகள் பல 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் சேர்ந்தவை. அந்தக் காட்டின் விளிம்பு மேடு பள்ளத்தோடு வளைந்து செல்கிறது. எங்கள் பக்கத்தில் நில எல்லையை ஒட்டி அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேர்க்கோட்டில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பிரிட்டனில் வனத்துறை ஊசியிலை மரங்களைச் சதுரம் சதுரமாக நட்டு வெட்டியதால் மலைகள் கட்டம் போட்டவை போல் ஆனபோது, 1960-களில் நிலக்காட்சி வடிவமைப்பாளர் சில்வியா குரோவை ஆலோசகராக அமர்த்தினார்கள். நடவின் எல்லையும் வெட்டின் எல்லையும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியது. சிறு நிலத்தில் எல்லைக் கோட்டை மாற்ற முடியாது. ஆனால் சாலையோரம் ஒரு வரிசையை அப்படியே விட்டுவைப்பதும், தோப்பை இரண்டு பகுதியாகப் பிரித்து ஒன்றில் மறுதாம்பு உயர்ந்த பிறகு மற்றதை வெட்டுவதும் எவராலும் இயலும். குழு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை; கேட்டிருந்தால் நாங்கள் ஒப்புக்கொண்டிருப்போம்.

கழிவு முழுவதையும் வாரிக் கொளுத்திவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண்ணுக்குத் துப்புரவாகத் தெரிவதற்காகத் தழையை எரித்தால், மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்து புகையாகப் போகும். மேலும், மாசி முதல் சித்திரை வரை இங்கே தழையெல்லாம் சருகாகிக் கிடக்கும்போது ஒரு பீடித் துண்டே போதும், தீ எதிர்க் காடு வரை தாவிவிடும். அழகாகத் தெரிவதற்கும் நலமாக இருப்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதற்குக் காட்டோரத்து உண்ணிச்செடியைப் பார்த்தால் போதும். பூவும் பசுமையுமாக அது கண்ணைக் கவர்கிறது, ஆனால் அதன் அடியில் யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல் முளைப்பதில்லை. ஆகவே நான் கேட்பது நடுவழி: சுள்ளியைச் சிறிதாக நறுக்கி, சரிவுக்குக் குறுக்கே வரப்பு போலத் தாழ்வாகப் பரப்புவது, சாலையிலிருந்தும் காட்டோரத்திலிருந்தும் முப்பதடி தூரத்துக்கு எதையும் விடாமல் எடுப்பது. இதனால் நீரோட்டமும் தடைபடும், காட்சியும் தேறும், தீயும் பரவாது. ஆட்களுக்கு இது கூடுதல் வேலை. கூடுதல் கூலி கொடுக்க வேண்டியது நியாயம்.

வண்டித்தடம்தான் எல்லாவற்றிலும் மோசம். தழை மக்கிவிடும், மேல்மண் கரைந்து ஓடிய தடம் ஆண்டுகள் கழிந்தும் வடுவாகத் தெரியும். முதல் பெருமழையிலேயே எங்கள் தடங்கள் முழங்காலளவு ஆழமாகிவிட்டன. கல் அடுக்கித் தடுக்க எங்களுக்கு ஆன செலவை அந்தக் குழு ஏற்கவில்லை. சரிவுக்குக் குறுக்காக ஒரே ஒரு பாதையைக் குறித்து, எல்லா லோடும் அதன் வழியே இறங்கும்படி செய்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

அதே குழுவை மீண்டும் அமர்த்துவேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தேக்கைக் கலைப்பதற்கு அமர்த்துவேன். அடுத்த கலைப்புக்கு அவர்களிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். தைல மரத்துக்கு எழுத்தில் பேசாமல் அமர்த்த மாட்டேன். டன் கணக்கில் விலை பேசும்போதே வண்டிப்பாதை எது, நிறுத்த வேண்டிய மரங்கள் எவை, தழையை என்ன செய்வது என்பதையும் பேசி, நிறுத்தும் மரங்களில் சுண்ணாம்பு அடையாளம் வைத்து, தொகையில் ஒரு பங்கைத் துப்புரவு முடியும் வரை நிறுத்திவைப்பதாக எழுதிக்கொள்ள வேண்டும். மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றுதான் சொன்னார். மறுதாம்பு இப்போது இடுப்பளவு வந்திருக்கிறது. அடிக்கட்டைக்கு இரண்டு மூன்று கிளைகளை மட்டும் விட்டுக் கழிக்கும் வேலைக்கு இந்த எழுத்துப் பேச்சின்படியே அவர்களை அழைத்திருக்கிறேன்.