ஃப்ரேம் ரேட் மாத்தினாலும் ஆடியோ சிங்க் போகாம இருக்கணுமா? பல வருஷ அனுபவத்துல சொல்றேன்

பழைய டிவிடி ரிப், போன்ல எடுத்த கிளாஸ் வீடியோ, ஸ்க்ரீன் ரெக்கார்டிங்னு எல்லா வகை ஃபைலுக்கும் ஃப்ரேம் ரேட் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிற கணக்கு) மாத்துற வேலைய பல வருஷமா பண்ணிட்டிருக்கேன். எத்தனையோ டூல் வந்துச்சு போச்சு, கமாண்ட் அடிச்சு வேலை வாங்குற எஃப்எஃப்எம்பெக், வீடியோ கன்வெர்ட் பண்ற ஹேண்ட்பிரேக், எம்கேவி ஃபைல் உருவாக்குற எம்கேவிடூல்நிக்ஸ், ஃபைலோட விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ, இந்த வேலைக்கு முக்கியமா இந்த நாலும்தான் இன்னைக்கும் என் மெஷின்ல இருக்கு. நாலுமே இலவசம்.

டூல் பத்தி பேசுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஏன்னா இது புரியாம எந்த டூல எடுத்தாலும் சொதப்பும். ஃப்ரேம் ரேட் மாத்துறதுன்னு நாம சொல்றது ரெண்டு வேற வேற வேலை. ஒண்ணுல வீடியோவோட நீளம் மாறாது, 30ல இருந்து 25க்கு வரணும்னா ஆறு ஃப்ரேமுக்கு ஒண்ண தூக்கிடும், 25ல இருந்து 30க்கு போகணும்னா அஞ்சு ஃப்ரேமுக்கு ஒண்ண ரெண்டு தடவ காட்டும், ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாவே இருக்கும், அதனால ஆடியோவ தொடவே வேண்டாம், அப்படியே காப்பி. இன்னொண்ணுல ஒரு ஃப்ரேம் கூடவும் கூடாது குறையவும் குறையாது, ஓடுற வேகம்தான் மாறும். 24ல எடுத்த படத்த 25ல ஓட்டுறது இந்த ரகம், ரெண்டு மணி நேர படம் 1 மணி 55 நிமிஷம் 12 செகண்ட்லயே முடிஞ்சிடும். அப்போ ஆடியோவும் அதே விகிதத்துல வேகமாகியே தீரணும்.

எஃப்எஃப்எம்பெக்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் ரொம்ப சின்னது. ஃப்ரேம் ரேட்ட சொல்ற -r ஆப்ஷன அவுட்புட் பக்கம் போட்டா முதல் வகை. அதையே இன்புட்டுக்கு முன்னாடி போட்டா ஃபைல்ல இருக்குற டைம்ஸ்டாம்ப (ஒவ்வொரு ஃப்ரேமும் எப்போ வரணும்ங்கிற நேரக்குறிப்ப) விட்டுட்டு நீங்க சொன்ன ரேட்ல புதுசா கணக்கு போட்டுக்கும், படத்தோட வேகம் மாறிடும், ஆடியோ பழைய வேகத்துலயே ஓடும். எரர் எதுவும் வராது.

சிங்க் போன ஃபைல் ஒண்ணு கைக்கு வந்தா நான் நேரா கன்வெர்ட் பண்ண மாட்டேன், முதல்ல விஎல்சி ப்ளேயர்ல போட்டு ஜே, கே கீய அழுத்தி ஆடியோவ 50 மில்லிசெகண்ட் 50 மில்லிசெகண்டா நகர்த்தி உதட்டோட பொருந்த வைப்பேன், ஆரம்பத்துல ஒரு இடம், நடுவுல ஒண்ணு, முடிவுல ஒண்ணு. மூணு இடத்துலயும் ஒரே அளவு வந்தா அது வெறும் ஆஃப்செட், மொத்தமா நகர்த்தினா போதும். 10 நிமிஷத்துல 0.6 செகண்ட், 20 நிமிஷத்துல 1.2 செகண்ட்னு சீரா ஏறிட்டே போச்சுன்னா 0.1 சதவீதம், அதாவது 24க்கும் 23.976க்கும் குழப்பம். 10 நிமிஷத்துக்கே 24, 25 செகண்ட் தள்ளிப்போனா 24க்கும் 25க்கும் குழப்பம். ஒழுங்கே இல்லாம இங்க ஒரு குதி அங்க ஒரு குதின்னு இருந்தா நடுவுல ஃப்ரேம் விழுந்திருக்கு, இல்ல வேரியபிள் ஃப்ரேம் ரேட் ஃபைல், அதாவது ஃப்ரேம் ரேட் இடத்துக்கு இடம் மாறுற ஃபைல்.

அந்த 23.976 எங்கிருந்து வந்துச்சுன்னா, 1953ல அமெரிக்காவுல கலர் டிவி ஸ்டாண்டர்ட் முடிவாகுறப்போ கலர் சிக்னலும் சவுண்ட் சிக்னலும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காம இருக்க 30அ 29.97ஆ குறைச்சாங்க, அதோட சேந்து 24ம் 23.976 ஆச்சு. சரியான மதிப்பு 24000 வகுத்தல் 1001. எந்த டூலா இருந்தாலும் இந்த பின்னத்தையே டைப் பண்ணுங்க. சில சாஃப்ட்வேர் 23.98ன்னு காட்டுதேன்னு அதையே போட்டு கணக்கு பண்ணா ரெண்டு மணி நேரத்துல கிட்டத்தட்ட 1.2 செகண்ட் போயிடும். 25ல இருந்து 23.976க்கு இறக்குறப்போ ஏடெம்போ (ஆடியோவோட வேகத்த மட்டும் மாத்துற எஃப்எஃப்எம்பெக் ஃபில்டர்) மதிப்பு 0.95904, அத 0.96ன்னு ரவுண்ட் பண்ணா ரெண்டு மணி நேரத்துல 7 செகண்ட் காலி.

வேகம் மாத்துற வேலைக்கு எனக்கு ரொம்ப புடிச்ச வழி எம்கேவிடூல்நிக்ஸ். வீடியோவ திரும்ப என்கோட் பண்ணவே வேணாம், அந்த ட்ராக்கோட டிஃபால்ட் டியூரேஷன்ல (ஃப்ரேம் ரேட் குடுக்குற இடம்) 24000/1001pன்னு போட்டா போதும், குவாலிட்டி துளி குறையாது, சில நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆடியோவ மட்டும் தனியா எஃப்எஃப்எம்பெக்ல நீட்டி சேத்துக்கலாம், அத காப்பி பண்ண முடியாது, டீகோட் பண்ணி மறுபடி என்கோட் பண்ணித்தான் ஆகணும்.

இங்கதான் நிறைய பேர் கவனிக்காத விஷயம் இருக்கு. 24 படத்த 25க்கு ஏத்துறப்போ பிட்ச் (சுருதி) சரி பண்ணாம விட்டிருந்தா குரல் கிட்டத்தட்ட 0.7 செமிடோன் (அரை ஸ்வரம்) ஏறியிருக்கும். அப்படிப்பட்ட ஃபைல ஏடெம்போ போட்டு இறக்கினா வேகம் சரியாகும், ஆனா குரல் கீச்சுன்னே இருக்கும், ஏன்னா அது பிட்ச்ச மாத்தாது. ஏசெட்ரேட்ங்கிற ஃபில்டர் போட்டு சாம்பிள் ரேட்டையே (செகண்டுக்கு எத்தனை ஒலி மாதிரிங்கிற கணக்கு) குறைச்சு, பிறகு 48000க்கு ரீசாம்பிள் பண்ணா ரெண்டும் ஒண்ணா இறங்கும், பழைய குரல் திரும்ப வந்துடும். ஏற்கனவே பிட்ச் சரி பண்ண ஃபைல்னா ஏடெம்போதான் சரி. எது எதுன்னு தெரிஞ்சுக்க, படத்துல வர்ற ஒரு பாட்ட அதோட ஒரிஜினல் ஆல்பத்தோட வச்சு கேட்டுப் பாப்பேன், சுருதி வித்தியாசம் உடனே காதுல விழும். பேச்சுக்கு ஏடெம்போ தாராளமா போதும், ட்ரம்ஸ் அடி நிறைய இருக்குற இசைக்கு ரப்பர்பேண்ட் ஃபில்டர் இன்னும் சுத்தமா வரும்.

போன் வீடியோ வேற கதை. வெளிச்சம் கம்மியானா நிறைய போன் ஃப்ரேம் ரேட்ட தானே குறைச்சுக்கும், ஸ்க்ரீன் ரெக்கார்டிங்ல திரை அசையாம இருந்தா ஃப்ரேமே எழுதாத ஆப்பும் உண்டு. ப்ளேயர் டைம்ஸ்டாம்ப பாத்து ஓட்டுறதால சரியாத்தான் தெரியும், எடிட்டர் எல்லா ஃப்ரேமும் சம இடைவெளின்னு நினைச்சு அடுக்கினா அங்கதான் பேச்சு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம்னு ஆகுது. மீடியாஇன்ஃபோல ஃப்ரேம் ரேட் மோட் வேரியபிள்னு இருந்தா எடிட்டர்குள்ள விடுறதுக்கு முன்னாடியே ஹேண்ட்பிரேக்ல கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் தேர்ந்தெடுத்து ஒரு தடவ ஓட்டிடுவேன், நிறைய ப்ரீசெட்ல பீக் ஃப்ரேம்ரேட்னு இருக்கும், அத மாத்தணும். ஆடியோலயும் நடுநடுவுல ஓட்டை இருக்குற ஃபைல்னா எஃப்எஃப்எம்பெக்ல ஏரீசாம்பிள் ஃபில்டர்ல அசிங்க் 1 போட்டா இடைவெளிய அமைதியால நிரப்பிடும்.

எஃப்எஃப்எம்பெக்ல மின்டர்போலேட்னு ஒரு ஃபில்டர் இல்லாத ஃப்ரேம தானே உருவாக்கும், ரொம்ப மெதுவா ஓடும், வேகமா ஆடுற கை விரலெல்லாம் கரைஞ்சு போன மாதிரி தெரியும். எனக்கு அது வேணாம்.

சப்டைட்டில் இருந்தா அதையும் அதே பின்னத்தால நீட்டணும், சப்டைட்டில் எடிட்ங்கிற சாஃப்ட்வேர்ல சேஞ்ச் ஃப்ரேம் ரேட்னு இருக்கு, பழைய ரேட் புது ரேட் ரெண்டையும் குடுத்தா அதுவே பாத்துக்கும்.