ரூகர் 10/22 ரைஃபிளில் மாற்று ட்ரிகர்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மிச்சிகனில் என்னிடமுள்ள, ரூகர் நிறுவனத்தின் 10/22 கார்பைனில் (குட்டை ரைஃபிள்), அதே நிறுவனம் தனியாக விற்கும் பிஎக்ஸ் ட்ரிகர் தொகுதியைப் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஏறத்தாழ 9,000 தோட்டாக்களைச் சுட்டிருக்கிறேன். வாங்கிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் ட்ரிகர் எவ்வளவு இலகுவாகிவிட்டது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லியிருக்க மாட்டேன். வாங்க நினைப்பவர்களுக்குத் தேவையான செய்திகள் அதற்குப் பிந்தைய மாதங்களில்தான் எனக்குத் தெரியவந்தன.

1964-இல் அறிமுகமான 10/22, அதன் பத்துத் தோட்டாச் சுழல் மேகசினுக்காகவும் (தோட்டாக்களை நிரப்பும் பெட்டி) எளிய அமைப்புக்காகவும் இன்றுவரை விரும்பப்படுகிறது. என் ரைஃபிளின் எடை ஏறக்குறைய ஐந்து பவுண்ட். அதனுடன் வந்த ட்ரிகரை அளவுமானியால் இழுத்துப் பார்த்தபோது ஆறு பவுண்டுக்குச் சற்று மேல் காட்டியது. துப்பாக்கியின் எடையைவிட அதைச் சுடத் தேவையான விசை அதிகமாக இருந்தால், நின்றபடி சுடும்போது விரல் ட்ரிகரை மட்டும் இழுப்பதில்லை, துப்பாக்கியையும் சேர்த்தே நகர்த்துகிறது. பல தரப்பட்டவர்கள் கையாளும் துப்பாக்கிக்குக் கனமான ட்ரிகரைத் தருவதில் நியாயம் உண்டு என்பதால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. புதிய தொகுதியோ அதே அளவுமானியில் இரண்டே முக்கால் பவுண்ட் காட்டியது. டிம்னி, கிட் போன்ற நிறுவனங்களும் இதே ரைஃபிளுக்கு ட்ரிகர்கள் செய்கின்றன. எனக்கு எழுபது டாலருக்குச் சற்று மேலான விலையே போதுமானதாக இருந்தது.

இந்த மாற்றத்தால் சுடும் முறை மாறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெளியேறும். அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயந்திரத் துப்பாக்கிக்கு வகுத்துள்ள எல்லைக்கு வெகு அப்பால் நிற்கும் சாதாரண மேம்பாடு இது.

பொருத்துவது கடினமல்ல, ஆனால் அவசரத்துக்கு இடமில்லாத வேலை. மேகசினைக் கழற்றி, தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே திருப்புளியை எடுக்க வேண்டும். அதன்பின் போல்ட்டை முன்னுக்கு விட்டு, குழல் வளையத்தைத் தளர்த்தி, அடியிலுள்ள திருகைக் கழற்றினால் மரக்கட்டையிலிருந்து உலோகப் பகுதி முழுவதும் மேலே வரும். பாதுகாப்புப் பொத்தான் இடமும் வலமும் ஒட்டாமல் நடுவில் நின்றால் மட்டுமே அது கட்டையில் தட்டாமல் வெளியேறும். இதை அறியாமல் முதல் முயற்சியில் கட்டையின் உட்புறத்தை நான் கீறிவிட்டேன். போல்ட்டைத் தாங்கும் உலோகக் கூடான ரிசீவரின் இரண்டு குறுக்கு ஆணிகளைத் தள்ளினால் பழைய தொகுதி கையோடு வந்துவிடும். ரிசீவரின் பின்பகுதியிலுள்ள தடித்த போல்ட் தடுப்பு ஆணி தானாகவே நழுவி விழக்கூடியது என்பதால், கீழே ஒரு துணியை விரித்துக்கொள்வது நல்லது. தொகுதிக்குள் இருந்து அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகமான சுத்தியலை, பின்னுக்குச் சாய்த்து ஏற்றிய நிலையிலேயே புதிய தொகுதியைச் செருக வேண்டும்; அது ரிசீவருக்கு வெளியே இருக்கும்போது ட்ரிகரை அழுத்திச் சுத்தியலை அடிக்க விடக்கூடாது.

மூடிய பிறகு நான் செய்த சோதனைகளை எவரும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காலித் துப்பாக்கியில் பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு ட்ரிகரை அழுத்திப் பார்த்தேன். போல்ட்டைப் பலமுறை வேகமாக முன்னுக்கு விட்டு, சுத்தியல் தானாக விடுபடுகிறதா என்றும் கவனித்தேன். சுடுதளத்தில் முதலில் ஒரு தோட்டாவை மட்டும், பிறகு இரண்டை மட்டும் நிரப்பிச் சுட்டு, ஒரே இழுப்பில் இரண்டு வெளியேறவில்லை என்று தெரிந்த பிறகே மேகசினை நிறைத்தேன்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, மேசையில் மணல்மூட்டை வைத்து 50 கெஜத்தில் சுட்ட ஐந்து தோட்டாக் குழுக்கள் (இலக்கில் துளைகள் பரவிய அகலம்) முன்பும் பின்பும் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலமாகவே இருந்தன. குழலும் தோட்டாவும் மாறாதபோது அது இயல்பே. வேறுபாடு நின்று சுடும்போதுதான் வந்தது: 25 கெஜத்தில் நான்கு அங்குலத்துக்குப் பரவியிருந்த என் குழுக்கள் மூன்று மாதங்களில் இரண்டரை அங்குலத்துக்குள் வந்தன. அதில் பாதிப் பங்கு பயிற்சிக்கு உரியது. காலித் துப்பாக்கியின் குழல்மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை இழுக்கும் பயிற்சியைத் தினமும் செய்தேன். பழைய ட்ரிகரில் நாணயம் விழுந்தால் அதன் கனத்தின்மீது பழிபோட முடிந்தது. புதியதில் விழுந்தால் தவறு என் விரலுடையது என்று உடனே தெரிந்தது. இந்தத் தெளிவுக்காகவே இந்த ட்ரிகரை நான் மதிக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் நூற்றுக்கு மூன்று, நான்கு தோட்டாக்கள் வெடிக்காமல் போயின. புதிய சுத்தியலின் அடி வலுக்குறைந்துவிட்டதோ என்று ஐயப்பட்டுப் பழைய தொகுதியைத் திரும்பப் பொருத்தினேன். அப்போதும் அதே எண்ணிக்கையில் வெடிக்காமல் நின்றன. இந்த ரைஃபிள் சுடும் .22 தோட்டாவில் வெடிமருந்துக் கலவை விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுவதால், அது சீராகப் பரவாத இடத்தில் அடி விழுந்தால் தோட்டா எரியாது. வேறு தோட்டா வாங்கியதும் தொல்லை நின்றது. இவ்வகைத் தோட்டாக்கள் விட்டுச்செல்லும் கரியும் மெழுகும் தொகுதிக்குள் படிந்து, ட்ரிகர் முன்னுக்குத் திரும்புவதை மந்தமாக்குகின்றன. ஏறக்குறைய ஆயிரம் தோட்டாக்களுக்கு ஒரு முறை கரைப்பானால் கழுவி உலர்த்தி, ஆணிமுனையளவு எண்ணெய் மட்டுமே இடுகிறேன்; அதிக எண்ணெய் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவுமானி இப்போது இரண்டரை பவுண்டுக்குச் சற்று மேல் காட்டுகிறது. அதற்கும் கீழே இறங்கினால் பயன்படுத்துவதை நிறுத்தி ஆய்வுக்குக் கொடுப்பேன்.

குளிர்காலத்தில் மட்டும் இந்த ட்ரிகர் எனக்கு ஒத்துவரவில்லை. தடித்த கையுறையுடன் ஒரு ஜனவரி மாதம் சுட்டபோது, விரல் ட்ரிகரைத் தொட்டதை நான் உணருமுன்பே தோட்டா வெளியேறியது. துப்பாக்கி இலக்கை நோக்கியே இருந்ததால் தீங்கில்லை என்றாலும், அன்று அத்துடன் நிறுத்திக்கொண்டேன். புதிதாகக் கற்பவர்களிடமும் இதைக் கொடுப்பதில்லை. குறி சரியாகும் வரை விரலை ட்ரிகர் வளையத்துக்கு வெளியே வைக்கும் பழக்கம் படிவதற்கு முன் இலகுவான ட்ரிகர் அவர்களுக்கு ஆகாது. ஆகவே பழைய தொகுதியைத் துடைத்து, பெயரெழுதிய டப்பாவில் வைத்திருக்கிறேன். நவம்பரில் அது ரைஃபிளுக்குள் போகும். பனி உருகிக் கையுறையைக் கழற்றும் நாளில் புதியது திரும்ப வரும். மாற்றுவதற்குப் பத்து நிமிடம், மேலே சொன்ன சோதனைகளுக்கு இன்னொரு பத்து நிமிடம் ஆகிறது.